சுவர்ப் பக்கம்

"கொட்டாவிக்கெல்லாம் பொத்தானை அழுத்தாதீங்கம்மா" என்று டெக்னீஷியன் பர்வீன் சொல்லிவிட்டுப் போய் அரை மணி நேரமாகியும் அழகுநாச்சிக்குக் காது மடலின் சூடு தணியவில்லை. அது கொட்டாவி என்று அவளுக்குத் தெரியாதா? முப்பத்து மூன்று வருஷமாக அந்த வாய் கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். ஆனால் கொட்டாவிக்கு முன்னால் வாயின் ஓரம் ஒரு நொடி இழுத்ததே, அது கொட்டாவியின் தொடக்கமா, வலிப்பின் தொடக்கமா என்று முழுக்க நடந்து முடிகிற வரைக்கும் யாரால் சொல்ல முடியும்? பலகையைப் படித்து முடித்த பிறகுதான் கை காட்ட வேண்டும் என்றால் பஸ் போயே போய்விடும். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள், சத்துணவுக் கூடத்தில் அவளிடம் திட்டு வாங்கும் பிள்ளைகள் சொல்கிற மாதிரி. பொத்தான் இப்போதும் அவள் கையில்தான் இருந்தது. ஒரு சிவப்புக் குமிழ், அதன் வாலாக ஒரு நீண்ட ஒயர். அந்த ஒயர் கட்டிலுக்கு அடியில் புகுந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நெருக்கி நிறுத்தியிருந்த வண்டிக்குப் போனது. புருஷன் சேவுகமூர்த்தியின் தலையில் இருபத்தோரு இடத்தில் பசை தடவி ஒட்டியிருந்த ஒயர்களும் அதே வண்டிக்குத்தான் போயின. தலைக்கு மேல் வெள்ளை வலைத்துணி ஒன்றை, வாழைத்தாருக்குக் கோணி மாட்டுவது போல மாட்டியிருந்தார்கள். வார்டிலிருந்து இந்தத் தனி அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து பத்து மணிக்கு ஆரம்பித்தது. இரண்டு மணிக்கு முடியும். அதற்குள் அது, அவருடைய வலதுகையில் வருகிற அந்த ஆட்டம், வர வேண்டும். வந்தால் அவள் அழுத்த வேண்டும். மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தை அந்த வண்டி கோடு கோடாக எழுதிக்கொண்டே போகும், நீங்கள் அழுத்துகிற இடத்தில் ஒரு குறி விழும், டாக்டர் அந்த இடத்தை எடுத்துப் பார்த்து வலிப்பா இல்லையா என்று சொல்வார் என்று பர்வீன் விளக்கியிருந்தாள். கூடவே ஒரு பட்டியல். கையைப் பிடிக்கக் கூடாது. கட்டிலை ஆட்டக் கூடாது. மேலே மூலையில் இருக்கிற கேமராவை மறைக்கக் கூடாது. அவருடைய இடது பக்கமே உட்கார வேண்டும், அந்தப் பக்கந்தான் அவருக்குப் பார்வை சரியாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வரக் கூடாது என்று ஆறு நாளாக வேண்டிக்கொண்ட ஒன்றை, நாலு மணி நேரத்துக்குள் வந்து தொலையேன் என்று கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

வரவில்லையென்றால் இன்று சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காலையில் பெரிய டாக்டர் நின்றபடியே சொல்லிவிட்டார்: "ஒண்ணும் பதிவாகலேன்னா கூட்டிட்டுப் போங்கம்மா. பக்கவாதம் வந்தவங்களுக்கு மனசு சோர்ந்துபோகும், பேச்சைக் குறைச்சிடுவாங்க. சும்மா சந்தேகத்துக்கு வலிப்பு மருந்தை ஆரம்பிக்க முடியாது." மனசு சோர்ந்துபோகுமாம். அவளுக்கு டாக்டர்மேல் வந்த எரிச்சலைவிட, அவருக்கு விளங்குகிற மாதிரி சொல்லத் தெரியாத தன்மேல் வந்த எரிச்சல்தான் அதிகம். பேச்சைக் குறைக்கவில்லை, டாக்டர். பேச்சு வந்தது, வந்துவிட்டுப் போனது. இரண்டும் ஒன்றா? ஐந்து நாள் ஊமையாகக் கிடந்த மனுஷன் ஆறாம் நாள் காலையில் அவளைப் பார்த்து "நாச்சி" என்றார். மத்தியானம் "தண்ணி" என்றார். சாயங்காலம் அவள் கஞ்சியைக் கொண்டுபோனபோது "போதும்" என்றார், அதுவும் எரிச்சலாக, நல்லா இருந்த காலத்தில் சொல்கிற அதே "போதும்". அவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மூன்று சொல். அங்கன்வாடிப் பிள்ளைக்குக்கூட இதைவிட அதிகம் தெரியும், ஆனாலும் மூன்று சொல் இருந்தால் நாலாவது வரும். வரவில்லை. பத்தாம் நாள் "போதும்" போனது. பன்னிரண்டாம் நாள் "தண்ணி" போனது, டம்ளரைக் காட்டினால் டம்ளரையே புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். இப்போது "நாச்சி"யும் போய் "ம்" மட்டும். அந்தக் கை ஆடி முடிந்த பிறகு அரைமணி நேரத்துக்கு அந்த "ம்" கூடக் கிடையாது. வலதுகை. செத்த கை. அது ஆடுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போகிறது என்று அவள் நினைத்தாள். இதை எப்படி டாக்டரிடம் சொல்வது? கை சொல்லைத் திருடுகிறது என்றா? நர்ஸ் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். அந்த வாரம் பூராவும் வந்து போன டாக்டர்களில் இளையவர் ஒருவர்தான், சரி, எதற்கும் ஒரு முறை பதிவு செய்து பார்த்துவிடலாம் என்று எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு முறை இதுதான். மணி பதினொன்று இருபது. கை போர்வைமேல் கிடந்தது, வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி அசையாமல்.

மற்ற நாளெல்லாம் ஆடிய கை. ஒன்பதாம் நாள் முதலில் ஆடியபோது வார்டே சிரித்தது, அவளும் சேர்ந்துதான் சிரித்தாள், அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. சேவுகமூர்த்தி கண்டக்டர். முப்பத்து நாலு வருஷமாகக் காரைக்குடி டிப்போ, பெரும்பாலும் தேவகோட்டை, திருவாடானை வண்டிகள். டிக்கெட் மெஷின் வருவதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் கட்டுக் கட்டாகச் சீட்டுக் கிழித்த கட்டைவிரல் அது. அந்தக் கட்டைவிரல்தான் ஆடியது, ஆள்காட்டி விரலை உரசி உரசி. பார்க்க வந்திருந்த டிரைவர் சவரிமுத்துதான் முதலில் கண்டார். "ஏய், இங்க பாருங்கய்யா, மூர்த்தி டிக்கெட் கிழிக்கிறான்!" அவ்வளவுதான், டிப்போக்காரர்கள் நாலு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "அண்ணே, தேவகோட்டை ரஸ்தா ரெண்டு." "எனக்கு ஒரு அரை டிக்கெட்டுண்ணே, பையனுக்கு மூணு வயசுதான்." ஒருவர் பழைய செய்தித்தாளைச் சின்னச் சின்னதாக மடித்து அந்தக் கைக்குள் செருகினார். கை ஆடிக்கொண்டே இருந்தது. செத்த கைக்கு உயிர் வருகிறது, முதலில் வேலைதான் ஞாபகம் வருகிறது பார் என்று சவரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் கண்ணாத்தாளுக்குப் போனில் செய்தி போய், அவள் மறுநாளே வெள்ளித் தகட்டில் கை உரு வாங்கி அம்மன் கோவில் உண்டியலில் போட்டுவிட்டு வந்து, "என் அண்ணன் கைய ஆத்தா திருப்பிக் குடுத்துட்டா, நீ என்னடி மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க" என்று கேட்டாள். அழகுநாச்சி உம்மென்று இருந்ததற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் டிப்போக்காரர்கள் எல்லாரும் போன பிறகு அவள் அந்தக் கை ஆடுவதைத் தனியாகப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவருடைய வண்டியிலேயே ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து, அவர் சீட்டுக் கிழிப்பதையே பார்த்துக்கொண்டு போனவள் அவள். கிழிக்கிறபோது விரல் நின்று நின்று போகும். ஒருவரிடம் ஊர் கேட்க வேண்டும், எச்சில் தொட வேண்டும், விலைக்கேற்ற சீட்டின் நிறத்தைத் தேட வேண்டும். ஒருமுறை போல் இன்னொரு முறை இருக்காது. இந்த ஆட்டத்தில் நிறுத்தமே இல்லை. அறுந்து விழுந்த பல்லிவால் துடிக்கிற மாதிரி ஒரே அளவு, ஒரே வேகம். இதில் யாரும் ஊர் கேட்கவில்லை. இது அவருடைய விரலே இல்லை. இது நோய்தான். சொன்னாள், யாரும் கேட்கவில்லை. வேலை செய்த கையைப் போய் நோய் என்கிறாளே என்று சவரிமுத்து வருத்தப்பட்டார். எல்லாருக்கும் மனுஷனின் பழக்கந்தான் கண்ணுக்குத் தெரிகிறது, நோய் தெரியவில்லை. கண் என்ன முகத்தில் அழகுக்கா இருக்கிறது?

கதவு திறந்தது. சவரிமுத்துவேதான். கையில் ஒரு தூக்குவாளி, அக்குளில் செய்தித்தாள், நெற்றி வேர்வை. "காரைக்குடியிலேர்ந்து நின்னுக்கிட்டே வந்தேன் தங்கச்சி. டிரைவருக்கே சீட்டு இல்ல, பாத்துக்க. மோரு கொண்டாந்திருக்கேன். நீ குடி." என்று சொல்லியபடி வந்தவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்ததும் ஆட்டினார். முப்பது வருஷம் கியர் பிடித்த கை, எதைப் பிடித்தாலும் ஆட்டும். "அண்ணே, கட்டில ஆட்டாதீங்க." "ஆட்டலியே." "ஆட்டுறீங்க. கோடு கெட்டுப்போகும்." அவர் கம்பியை விட்டுவிட்டு, ஒயர் வலையோடு கிடந்த நண்பனின் தலையைப் பார்த்தார். அவருடைய வாய் கோணியது, அழப் போகிறாரோ என்று அவள் பயந்தாள், அதற்குள் சமாளித்துக்கொண்டார். "என்னய்யா மூர்த்தி, டிரான்ஸ்பார்மர் மாதிரி ஆயிட்டே. எங்க, ஒரு டிக்கெட் குடு பாப்போம். தேவகோட்டை ரஸ்தா." அவர் கை நீண்டது. "தொடாதீங்கண்ணே!" என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே போன ஆயா ஒருத்தி எட்டிப் பார்த்தாள். சவரிமுத்து கையை இழுத்துக்கொண்டார். "ஏந்தங்கச்சி என்மேல இம்புட்டுக் கோபம்?" "கோபம் இல்லண்ணே. அந்தக் கை ஆடணும். தானா ஆடணும். ரெண்டு மணிக்குள்ள ஆடணும். நீங்க புடிச்சா எது ஆட்டுச்சுன்னு தெரியாமப் போயிரும்." "ஆடணும்னு நீயே சொல்றே. ஆடக் கூடாதுன்னும் நீதான் சொல்றே. எனக்கு ஒரு எழவும் புரியல" என்று அவர் மூலையிலிருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்து மூடியில் மோரை ஊற்றித் தானே குடித்தார். அவர் குடிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நல்ல மனுஷன்தான். அன்றைக்கு டிப்போவில் சேவுகமூர்த்தி டிக்கெட் மெஷினோடு சாய்ந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, எவனுடைய காரையோ மறித்து ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் இந்தக் கட்டிலே இல்லை. நல்ல மனுஷர்களிடம் கோபப்படவும் முடியாமல் அவர்களைத் தாங்கவும் முடியாமல் இருப்பதைப் போல ஒரு அலுப்பு வேறு கிடையாது. அழகுநாச்சி மறுபடி கையைப் பார்த்தாள். கை கிடந்தது. பன்னிரண்டு அடிக்கப் பத்து.

கையைப் பார், கையைப் பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாக் கையும் ஆடுகிற மாதிரித்தான் இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் போர்வை நூல் அசைந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பால் பொங்குமா என்று பார்த்துக்கொண்டு நின்றால் பொங்காது, கண்ணை எடுத்தால் பொங்கிவிடும், சத்துணவுக் கூடத்தில் அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், அதனால் கண்ணை எடுத்து வேறெங்காவது பார்க்கலாம் என்றால், அந்த நொடியில் வந்துவிட்டுப் போய்விட்டால்? அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். முகம் எங்கே தெரிகிறது? சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். காது தெரிந்தது, காதுக்குப் பின்னால் பசை வழிந்து காய்ந்த வெள்ளை தெரிந்தது, அவ்வளவுதான். காலையிலிருந்து இதே கூத்து. கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம், அப்புறம் மெல்லக் கூரையைப் பார்ப்பார், ஏதோ போனால் போகிறது என்று இறங்கி வருகிற மாதிரி, அவள் "என்னங்க" என்று குனிவதற்குள் மறுபடி சுவர்ப் பக்கம். தலையில் பசை தடவியதற்குக் கோபம், அவளுக்குத் தெரியும். ஐம்பத்தேழு வயதில் ஒரு நரை இல்லாத முடி, காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்து மூன்று தடவை சீவுகிற முடி, அதில் போய் கொழகொழவென்று அப்பினால்? அப்பியவள் பர்வீன். கோபம் பெண்டாட்டிமேல். என்ன நியாயம் இது? நான் ஒருத்தி இங்கே கொட்டாவிக்குத் திட்டு வாங்கிக்கொண்டு, கண் பூத்துப்போகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்த மனுஷனுக்கு முடி பெரிதாகப் போய்விட்டது. கோபம் வந்தால் வாயைத் திறந்து கத்துகிற வழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது. நாளெல்லாம் படியில் நிற்கிறவர்களை உள்ளே போ, உள்ளே போ என்று கத்தித் தீர்த்த தொண்டை, வீட்டில் கத்தாது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவரைக் கேட்காமல் கிரைண்டர் வாங்கியதற்கு இரண்டு நாள். மகளுக்குத் திருப்பூரில் மாப்பிள்ளை பேசியபோது அவர் சொன்ன இடத்தை அவள் வேண்டாமென்றதற்கு மூன்று நாள். கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்பாள். இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். இந்தப் பக்கம் வருவாள். அந்தப் பக்கம். கட்டில் கிரீச் கிரீச்சென்று அலறும். நாலாவது சுற்றில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும், யாருக்கு முதலில் வந்தது என்று அப்புறம் ஒரு சண்டை. அதெல்லாம் உடம்பு இருந்த காலம். இப்போது ஆளைக் கொல்கிற கோபம். ஏழாம் நாள் சாயங்காலம் டிப்போக்காரர்கள் முன்னால் அவள் கரண்டியால் கஞ்சி ஊட்டினாள் என்று முகத்தைத் திருப்பினாரே, அன்றைக்குத் தொடங்கியது. தினம் நாலு தடவை, ஐந்து தடவை. கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. அந்த ஏழாம் நாளே அவளுக்கும் பொறுக்கவில்லை. சரி, உங்களுக்கு மட்டுந்தான் முதுகு இருக்கிறதா என்று ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டியபடி, விளக்குப் போடுகிற வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். இந்த வயசிலயும் ஊடலாக்கா என்றாள்.

மணி பன்னிரண்டே முக்கால். கை ஆடவில்லை. தினம் மூன்று தடவை ஆடுகிற கை, குளிக்க வைக்கும்போது ஆடுகிற கை, நாத்தனார் திருநீறு பூசும்போது ஆடி அவளைப் புல்லரிக்க வைத்த கை, இன்றைக்கு இன்ஸ்பெக்டரைப் பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அடங்கி ஒடுங்கிக் கிடக்கிறது. இரண்டு மணிக்குப் பர்வீன் வந்து ஒயரைப் பிடுங்குவாள். சாயங்காலம் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். நாளைக்குக் காரைக்குடி. நாளை மறுநாள் கண்ணாத்தாள் வந்து உட்கார்ந்துகொண்டு கை ஆடுகிறது பார், கை ஆடுகிறது பார் என்பாள், டிப்போக்காரர்கள் டிக்கெட் கேட்பார்கள், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு சொல் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் "ம்" போய்விடும், அதற்கப்புறம் போவதற்கு உள்ளே என்ன இருக்கிறது, அவர்தான் இருக்கிறார். எச்சிலை விழுங்கினாள், தொண்டை வறண்டிருந்தது. மோரை வாங்கிக் குடித்திருக்கலாம். "அண்ணே, மோர் இருக்கா?" "தீந்துருச்சே தங்கச்சி. நீ வேணாம்ன மாதிரி இருந்துச்சு." வேண்டாம் என்று அவள் எப்போது சொன்னாள்? யாரும் சொன்னதைக் கேட்பதில்லை, சொல்லாததை மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள். "மூர்த்தி ஏன் இந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்குறான்?" என்று சவரிமுத்து கேட்டார். "நான் வந்ததுலேர்ந்து பாக்குறேன், ஒரு தடவ மோட்டுவளையப் பாத்தான், மறுபடி செவுத்தப் பாத்துக்கிட்டான். என்மேல கோபமா?" "ஒங்கமேல இல்ல, எம்மேல." "என்ன பண்ணுனே?" "தலையில பசை தடவ விட்டுட்டேன்." சவரிமுத்து உடம்பு குலுங்கச் சிரித்தார். "அது சரி. அவன் முடியத் தொட்டா சும்மா இருப்பானா? ஒரு தடவ செக்கிங் இன்ஸ்பெக்டர் வண்டியில ஏறுறாரு, இவன் சீப்ப எடுத்துச் சீவிக்கிட்டு இருக்கான்..." அவர் சொல்லிக்கொண்டே போனார். அழகுநாச்சிக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்துகொண்டு, ஒருவர் சிரித்தும் ஒருவர் திருப்பிக்கொண்டும், அவளை நடுவில் வைத்துத் துவைக்கிற மாதிரி இருந்தது. விருட்டென்று எழுந்தாள். போதும். இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிட வேண்டும். முகத்துக்கு நேரே போய் நின்று கேட்க வேண்டும். நான் உமக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? யாருக்காக இந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

அந்தப் பக்கம் போக வழி என்று ஒன்று இல்லை. கட்டிலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண். கேமராவை மறைக்காதே, ஒயரை மிதிக்காதே, கட்டிலை இடிக்காதே. புடவையைச் சேர்த்துப் பிடித்து, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நண்டு மாதிரி நுழைந்தாள். "தங்கச்சி, அந்தப் பொண்ணு வையும்" என்றார் சவரிமுத்து. வையட்டும். முழங்கால் சக்கரத்தில் இடித்தது. சுவரில் முதுகு ஒட்ட நிமிர்ந்து, அவருடைய முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயில் தயாராக வைத்திருந்த "என்னங்க உங்க மனசுல" என்பதைச் சொல்லவும் சொல்லிவிட்டாள், சொல்லி முடிந்ததும் காத்திருந்தாள். இப்போது திரும்ப வேண்டும். அந்தப் பக்கம், கதவுப் பக்கம், வெடுக்கென்று. அவள் இந்தப் பக்கம் வந்தால் அவர் அந்தப் பக்கம் போக வேண்டும், முப்பத்து மூன்று வருஷமாக அப்படித்தான். திரும்பவில்லை. அவள் காத்திருந்தாள். முகம் அப்படியே இருந்தது, கழுத்து நரம்பு புடைத்து, யாரோ தாடையைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிற மாதிரி. கோபக்காரர் கண்ணை மூடிக்கொள்வாரே. கண் திறந்திருந்தது. இரண்டு கருவிழியும் கண்ணின் வலது மூலையில் போய் ஒதுங்கி நின்றன, நின்ற இடத்திலேயே, மிகச் சின்னதாக, வெட்டி வெட்டி இழுத்தன. அவள் கையை அந்தக் கண்ணுக்கு முன்னால் ஆட்டினாள். கண் அவள் கையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்க்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. அவள் இந்தப் பக்கம் வந்திருக்கிறாள் என்பது அந்த முகத்துக்குத் தெரியவே தெரியாது. இது திரும்பிக்கொண்ட முகம் இல்லை. திருப்பப்பட்ட முகம். சீட்டுக் கிழிக்கிறான் என்று நாலு பேர் சிரித்தார்களே, அவர்களைப் பார்த்துக் கண் எதற்கு இருக்கிறது என்று கேட்டாளே, அவள் கண் எங்கே போயிருந்தது? கை, கை என்று கையையே காவல் காத்தாள், காலையிலிருந்து அது முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது, அதோடு அவள் பிணக்கு வேறு போட்டுக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. ஒரு தடவை அழுத்தினால் போதும் என்றுதான் பர்வீன் சொல்லியிருந்தாள். அவள் விடாமல் அழுத்தினாள், திரும்பத் திரும்ப, ஒரே அளவு, ஒரே வேகம்.

"கை ஆடலியே தங்கச்சி?" என்று சவரிமுத்து எழுந்தார். "ஓடுங்கண்ணே. அந்தப் பொண்ணக் கூட்டியாங்க." "கைதான் ஆடல..." "கையில இல்லண்ணே, ஓடுங்க!" அவர் ஓடினார், தூக்குவாளி உருண்டது. பர்வீன் வரும்போதே, "அம்மா, அந்தச் சந்துக்குள்ள யாரு உங்களப் போகச் சொன்னது" என்று ஆரம்பித்தாள், வண்டியின் திரையைப் பார்த்ததும் அந்த வாக்கியம் பாதியில் நின்றது. திரையில் எட்டு நாளாக யாரும் அவளுக்குக் காட்டாத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மேலே பாதிக் கோடுகள் மெல்ல நெளிந்தன, கீழே பாதிக் கோடுகள் ரம்பத்தின் பல் போலக் கூர் கூராக, அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தன. பர்வீன் திரையைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பன்னிரண்டரை. பன்னிரண்டே கால். பதினொன்று ஐம்பது. "விட்டு விட்டு வந்துக்கிட்டே இருந்திருக்கும்மா" என்றாள், குரல் இறங்கியிருந்தது. "மேல் மாடியில இன்னொருத்தருக்கு ஒட்டிக்கிட்டு இருந்தேன்." பிறகு போன், ஓட்டம், ஒரு நர்ஸ், இன்னொரு நர்ஸ், இளைய டாக்டர். இடதுகை நரம்பில் ஊசி போனது. சொட்டுச் சொட்டாக ஒரு பாட்டில் ஏறத் தொடங்கியது. அழகுநாச்சியை அந்தச் சந்திலிருந்து வெளியே வரச் சொன்னார்கள். வர முடியவில்லை, புடவை வண்டியின் திருகில் மாட்டிக்கொண்டிருந்தது. சவரிமுத்து குனிந்து, மோர் வாடை அடிக்கும் விரல்களால் அதை விடுவித்தார். கழுத்து நரம்பு தளர்வதை அவள் பார்த்தாள். கருவிழிகள் மூலையிலிருந்து மெல்ல நடுவுக்கு வந்தன, வந்து எங்கேயும் பார்க்காமல் நின்றன. உள்ளே எத்தனை சொல் மிச்சம் இருக்கிறது என்று அந்தக் கண்ணிலிருந்து தெரியவில்லை.

"பேச்சு திரும்புமா?" என்று கேட்டாள். "சொல்ல முடியாதும்மா. வலிப்பு நின்னா வாய்ப்பு இருக்கு. இன்னிக்கு வீட்டுக்குப் போக வேண்டாம்" என்றார் இளைய டாக்டர். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. "கை ஆடுறது ஒன்பதாம் நாள்லேர்ந்துன்னு எழுதியிருக்கு. இந்த மாதிரி தல ஒரு பக்கமாத் திரும்புறது, இதுக்கு முன்னாடி எப்பவாவது பாத்தீங்களா?" பார்த்தீர்களா என்கிறார். ஏழாம் நாள் சாயங்காலம். கஞ்சிக் கரண்டி. விளக்குப் போடுகிற வரைக்கும், ஒரு மணி நேரமா, ஒன்றரை மணி நேரமா, ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை தண்ணீர்த் தொட்டியின்மேல் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்ததுகூட நினைவிருக்கிறது, அவள் முதுகுக்குப் பின்னால் இது நடந்துகொண்டிருந்தது. மறந்துபோச்சு சார் என்று சொல்லிவிடலாம். படிக்காத பொம்பளை, மறந்துபோச்சு என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். சவரிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு நாளா" என்றாள். "தினம் நாலு தடவ, அஞ்சு தடவ. கைக்கு ரெண்டு நாள் முந்தியே." டாக்டரின் பேனா நின்றது. "எட்டு நாளாவா? அப்ப ஏம்மா சொல்லல?" "கோபமா இருக்காருன்னு நெனச்சேன். வழக்கமா அப்படித்தான் திரும்பிக்குவாரு. அதனால நானும் திரும்பி உக்காந்துக்கிட்டேன்." டாக்டர் எட்டு நாள் என்று எழுதினார், தாளை மடிக்கப் போனார். அவள் அந்தத் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அதையும் எழுதுங்க சார்." "எதம்மா?" "பெண்டாட்டி கோபம்னு நெனச்சுக்கிட்டு இருந்தான்னு. அடுத்து வர்றவகிட்ட கையாடுச்சா காலாடுச்சான்னு மட்டும் கேக்காதீங்க. வீட்டுக்காரரு மூஞ்சியத் திருப்பிக்கிறாரான்னு கேளுங்க. கேட்டா சொல்லுவா. எங்கிட்ட யாராவது கேட்டிருந்தா, முதல் நாளே கோள் சொல்ற மாதிரிச் சொல்லியிருப்பேன்." டாக்டர் பேனாவை மறுபடி திறந்தார். அவள் தாளை விடவில்லை. அவர் எழுதி முடிக்கிற வரைக்கும், எழுத்துத் தெரியாவிட்டாலும், பேனா போகிற போக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.